ஐரிஷ் செனட்டில் மேரி ராபின்சன்: தோற்ற மசோதாக்கள் எதைச் சாதித்தன?

கேட்கப்பட்ட கேள்வி இது: அயர்லாந்தின் மேலவையில் ஏறத்தாழ எப்போதுமே ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை அமைந்துவிடுகிறது என்றால், அங்கே எதிர்வரிசையில் அமர்ந்து பேசும் ஒரு செனட்டரின் விவாதப் பங்களிப்பை எதைக் கொண்டு அளப்பது? பொதுப்படையாகப் பதில் சொல்வதைவிட, ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் செய்ததையும் செய்ய இயலாமல் போனதையும் பார்ப்பது பயன்தரும் என்று நினைக்கிறேன். அதற்கு மிகப் பொருத்தமானவர் மேரி ராபின்சன். 1990-இல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரானவர் என்றும், பின்னர் ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவர் என்றும் பலர் அவரை அறிவார்கள். அதற்கு முன்பு, 1969 முதல் 1989 வரை, இருபது ஆண்டுகள் அவர் செனட்டராக இருந்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அவரை எதிர்க்கட்சிச் செனட்டர் என்று அழைப்பதற்கு ஒரு சிறு விளக்கம் தேவை. 1969-இல் அவர் சுயேச்சையாகத் தேர்வானார். 1976-இல் லேபர் கட்சியில் சேர்ந்தார். 1985-இல் அதிலிருந்து விலகி மீண்டும் சுயேச்சையானார். இடையில் லேபர் கட்சி ஃபீன கேல் கட்சியுடன் சேர்ந்து ஆட்சியில் இருந்த காலங்களும் உண்டு. ஆயினும் அவர் பெயர் நிலைத்த விவாதங்கள் அனைத்திலும், ஆட்சியில் ஃபியன்னா ஃபாயில் இருந்தாலும் தம் சொந்தக் கட்சியே இருந்தாலும், அவர் நின்றது அரசின் நிலைப்பாட்டுக்கு எதிரில்தான். கட்சிப் பட்டியலை வைத்துப் பார்ப்பதைவிட, அவர் எந்த வாசகத்தை எதிர்த்தார், எதற்கு மாற்று வாசகம் கொண்டுவந்தார் என்று பார்ப்பதே சரியாக இருக்கும்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராபின்சன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மசோதாக்களில் ஒன்றுகூட அவர் கொண்டுவந்த வடிவில் சட்டமாகவில்லை. அவருடைய பங்களிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. யாரும் வாய்திறந்து ஆதரிக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல், வெறும் மௌனத்தால் நிலைத்து நின்ற சட்டங்களை அவர் அவையின் முன் எடுத்து வைத்து, இதை மாற்றுகிறீர்களா இல்லையா என்று எழுத்து வடிவில் கேட்டார். மறுக்க விரும்பியவர்கள் மறுப்பைப் பெயரோடு பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அதே வாதத்தை அவர் வழக்கறிஞராக நீதிமன்றத்துக்கும் எடுத்துச் சென்றார். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் செனட் பேச்சுகளை மட்டும் படிப்பவருக்கு, தொடர்ந்து தோற்ற ஒருவரின் கதைதான் கிடைக்கும்.

முதலில் அந்த அவையின் அமைப்பைப் பார்ப்போம். 1922-இல் உருவான பழைய செனட்டை அன்றைய ஆட்சித் தலைவர் டி வலேரா 1936-இல் ஒழித்துவிட்டு, அடுத்த ஆண்டு வந்த புதிய அரசமைப்புச் சட்டத்தில் வலுக் குறைந்த ஒன்றாக மீண்டும் அமைத்தார். மொத்தம் 60 பேர். அவர்களில் 43 பேர் ஐந்து தொழில்சார் பட்டியல்களிலிருந்து தேர்வாகிறார்கள். வாக்களிப்பவர்கள் கீழவை உறுப்பினர்கள், பதவி முடியும் செனட்டர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆகியோர் என்பதால் இது முழுக்கக் கட்சிக் கணக்குதான். 11 பேரைப் பிரதமர் நேரடியாக நியமிக்கிறார். இந்தப் பதினொருவர்தான் அரசுக்குப் பெரும்பான்மையை உறுதி செய்பவர்கள். எஞ்சிய 6 இடங்கள், மூன்று டப்ளின் பல்கலைக்கழகத்துக்கும், அதாவது டிரினிட்டி கல்லூரிக்கும், மூன்று அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. (இந்திய மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் பன்னிரண்டு பேரை நியமிக்கும் முறைக்கு ஐரிஷ் அரசமைப்புதான் முன்மாதிரி என்பதால், இந்த ஏற்பாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.) கீழவையான டாயில் நிறைவேற்றிய சாதாரண மசோதாவை செனட் 90 நாள் தாமதப்படுத்தலாம், பண மசோதா என்றால் 21 நாளுக்குள் பரிந்துரை மட்டும் சொல்லலாம், பொது நிதியில் செலவை ஏற்படுத்தும் திருத்தத்தை ஒரு செனட்டர் கொண்டுவந்தால் அது விதிப்படி ஏற்கப்படாது. ஆகவே எதிர்வரிசைச் செனட்டரின் கையில் எஞ்சுபவை சில கருவிகள்தான்: தனிநபர் மசோதா, குழு நிலையில் கொண்டுவரும் திருத்தங்கள், அன்றைய அலுவல் ஒழுங்கின்மீது எழுப்பும் கேள்வி, ஒத்திவைப்பு நேரத்தில் அமைச்சரிடம் பதில் கேட்கும் உரிமை, அவையில் சொன்னதற்காக எந்த நீதிமன்றமும் தம்மைக் கேள்வி கேட்க இயலாது என்ற அரசமைப்புப் பாதுகாப்பு.

ராபின்சன் டிரினிட்டியின் இடத்திலிருந்து வந்தவர் என்பது தற்செயலான விவரமன்று. அந்த இடத்துக்கு வாக்களித்தவர்கள் நாடெங்கும் வெளிநாட்டிலும் சிதறிக் கிடந்த பட்டதாரிகள். வாக்கு அஞ்சலில் வரும். ஊர்ப் பாதிரியாரின் ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறும் தொகுதி அங்கே இல்லை. சாலை போட்டுத் தரவும் ஓய்வூதியத்துக்குச் சிபாரிசு செய்யவும் வாரந்தோறும் மக்களைச் சந்திக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. டாயில் உறுப்பினர் எவரும் தொட அஞ்சிய பொருளை 25 வயதில் தேர்வான பெண் ஒருவர் தொட முடிந்ததற்கு அவருடைய துணிவு ஒரு காரணம் என்றால், இந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம். 1977-இலும் 1981-இலும் அவர் டாயில் தேர்தலில் நின்று இரு முறையும் தோற்றார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளுக்கு மட்டும் தனி இடம் என்ற சலுகை மக்களாட்சிக் கண்ணோட்டத்தில் நியாயப்படுத்தக் கடினமானது. மற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அதை விரிக்க 1979-இலேயே அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செயல்படுத்தச் சட்டம் வரவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2024-இல் வந்தது. ஆனாலும் அந்தச் சலுகையின் நிழலில்தான் ஐரிஷ் நாடாளுமன்றத்தின் சுதந்திரமான குரல்கள் பல வளர்ந்தன. பள்ளிகளில் அடிப்பதற்கு எதிராக 1950-களிலேயே செனட்டில் வாதாடிய ஓவன் ஷீஹி-ஸ்கெஃபிங்டன் அதே டிரினிட்டி இடத்திலிருந்து வந்தவர். அந்தத் தண்டனைக்குத் தடை வந்தது 1982-இல்.

இனி 1971-க்கு வருவோம்; இந்தப் பதிலின் மையம் அதுதான். 1935-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் விற்பனைக்காக இறக்குமதி செய்வதையும் குற்றமாக்கியிருந்தது. 1929-ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம் கருத்தடையைப் பரிந்துரைக்கும் நூல்களையும் தடை செய்திருந்தது. ஆனால் நடைமுறை வேறு. கருத்தடை மாத்திரையை மருத்துவர்கள் மாதவிடாயைச் சீராக்கும் மருந்து என்ற பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படி வாங்கிச் சாப்பிட்டார்கள். அரசு அறிந்தே கண்ணை மூடிக்கொண்டது. வசதியுள்ளவர்கள் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலிருந்து வாங்கி வந்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது, வாழ்க்கை வேறு பக்கம் போயிற்று, இரண்டுக்கும் இடையில் ஏழைப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ராபின்சன், தேசியப் பல்கலைக்கழகச் செனட்டரும் பத்திரிகையாளருமான ஜான் ஹோர்கன், டிரினிட்டியில் கணிதம் கற்பித்த செனட்டர் டிரெவர் வெஸ்ட் ஆகிய மூவரும் சேர்ந்து, அந்தப் பிரிவையும் தணிக்கைச் சட்டத்தின் தொடர்புடைய பகுதிகளையும் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். பொதுவாக ஒரு மசோதாவின் முதல் வாசிப்பு வெறும் சடங்கு. அறிமுகப்படுத்த அனுமதி தாருங்கள் என்று கேட்பார்கள், அவை தந்துவிடும், மசோதா அச்சாகி உறுப்பினர்களுக்குப் போகும். சண்டையெல்லாம் இரண்டாம் வாசிப்பில்தான். இந்த மசோதாவுக்கு அந்தச் சடங்கே மறுக்கப்பட்டது. அது பல மாதங்கள் தள்ளிப்போடப்பட்டது; அலுவல் ஒழுங்கு வரும்போதெல்லாம் இது எப்போது எடுக்கப்படும் என்று மூவரும் எழுந்து கேட்டபடி இருந்தார்கள். கடைசியில் 1971 ஜூலையில் அவை வாக்கெடுப்பு நடத்தி, அறிமுகப்படுத்தவே அனுமதியில்லை என்று தீர்மானித்தது. முதல் வாசிப்பு கிடைக்காத மசோதா அச்சாகாது. அதாவது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாடு படித்துப் பார்ப்பதைக்கூட அவை விரும்பவில்லை.

இதற்கு முந்தைய மாதங்களில் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வாக்கெடுப்பின் கனம் புரியும். 1971 மார்ச்சில் டப்ளின் பேராயர் ஜான் சார்ல்ஸ் மெக்வேட் தம் மறைமாவட்டத் தேவாலயங்கள் அனைத்திலும் படிக்கச் செய்த கடிதத்தில், இப்படியொரு சட்டம் வந்தால் அது நாட்டின்மீது விழும் சாபமாக இருக்கும் என்று எழுதினார். மே 22 அன்று பெண்கள் விடுதலை இயக்கத்தினர் பெல்ஃபாஸ்டுக்கு ரயிலில் போய்க் கருத்தடைச் சாதனங்களை வாங்கிக்கொண்டு டப்ளின் நிலையத்தில் சுங்க அதிகாரிகளின் கண்முன்னே இறங்கினார்கள்; அதிகாரிகள் யாரையும் கைது செய்யவில்லை. ராபின்சனுக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. அவற்றை அவர் கணவர் எரித்துவிட்டதாக ராபின்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு வரலாற்று ஆவணம் அப்படிப் புகையாய்ப் போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த வீட்டில் இருந்தவர்களைக் குறை சொல்ல இயலாது.

ராபின்சன் இந்த விவாதங்களில் வாதாடிய விதம் தனியாகக் கவனிக்கத் தக்கது. கருத்தடை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் அவர் போகவே மறுத்தார். ஒரு செயல் பாவமா என்று சமயம் தீர்மானிக்கட்டும், அது குற்றமா என்பதைத்தான் நாடாளுமன்றம் தீர்மானிக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய தேவையில்லை என்பது அவருடைய அடிப்படை. மாணவியாக டிரினிட்டியின் சட்ட மாணவர் சங்கத்துக்குத் தலைமையேற்று 1967-இல் ஆற்றிய தொடக்க உரையிலேயே சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் இடையிலான உறவைத்தான் அவர் பொருளாக எடுத்திருந்தார். இரண்டாவதாக, வடக்கு அயர்லாந்தின் புராட்டஸ்டன்டுகளை ஒன்றுபட்ட நாட்டுக்கு அழைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒரு சமயத்தின் போதனையைக் குற்றவியல் சட்டமாக வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். 1969-க்குப் பின் வடக்கில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நிலையில், தேசியவாதிகளால் இந்தக் கேள்வியை எளிதில் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அவரிடம் இன்னொரு வலுவும் இருந்தது. 1925-இல் விவாகரத்துத் தடைக்கு எதிராகப் பழைய செனட்டில் கவிஞர் யேட்ஸ் பேசியபோது, அது புராட்டஸ்டன்டுச் சிறுபான்மையின் முறையீடாகவே கேட்கப்பட்டது. ராபின்சன் மேயோ மாவட்டத்து பாலினா ஊரின் கத்தோலிக்க மருத்துவத் தம்பதியின் மகள். கத்தோலிக்கர்கள் டிரினிட்டியில் படிக்கப் பேராயரின் அனுமதி வேண்டும் என்ற விதி 1970 வரை இருந்த காலத்தில் அங்கே படித்துப் பேராசிரியரானவர். இது அவர்களுடைய பிரச்சினை, நம்முடையதன்று என்று அவரிடம் சொல்ல முடியாது. எதிரணியினரின் கோபத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன்.

1973 தேர்தலில் ஃபியன்னா ஃபாயில் ஆட்சி போய் ஃபீன கேல்–லேபர் கூட்டணி வந்தது. அதே மூவரும் அந்த ஆண்டின் இறுதியில் புதிய மசோதாவோடு வந்தார்கள். இம்முறை தலைப்பில் குற்றவியல் சட்டம் இல்லை; குடும்பக் கட்டுப்பாடு மசோதா என்று பெயர். பொருளைச் சிறைக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு மாற்றும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். இம்முறை முதல் வாசிப்பு கிடைத்தது, மசோதா அச்சானது; 1971-இல் மறுக்கப்பட்டது இதுதான் என்பதால் அதை அற்பமாக எண்ணக் கூடாது. இதற்கிடையில் டிசம்பர் 19 அன்று, மெகீ என்ற குடும்பத் தலைவி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமணமானவர்கள் தம் சொந்த உபயோகத்துக்காகக் கருத்தடைச் சாதனத்தை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் பகுதி அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இதன் விளைவு விசித்திரமாக இருந்தது: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், உள்நாட்டுக் கடையில் விற்றால் குற்றம். 1974-இல் செனட்டில் இரண்டாம் வாசிப்பு நடந்தபோது, இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை என்ற வாதம் மசோதாக்காரர்களின் கையில் இருந்தது. ஆயினும் மசோதா அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 16 அன்று நடந்தது ஐரிஷ் நாடாளுமன்ற வரலாற்றிலேயே வினோதமான வாக்கெடுப்புகளில் ஒன்று. கருத்தடை விற்பனையைக் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கும் மசோதாவை அரசு தானே டாயிலில் கொண்டுவந்தது. மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அனுமதி அளித்தது. பிரதமர் லியம் காஸ்கிரேவ், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், தம் அரசின் மசோதாவுக்கு எதிராகவே வாக்களித்துத் தோற்கடித்தார். செனட்டில் மூன்று சுயேச்சைக் குரல்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கேள்வி ஓர் அமைச்சரவையையே பிளக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்பதை இது காட்டுகிறது. ராபின்சன் அதன் பிறகும் அதே பொருளில் மசோதாவோடு செனட்டுக்குத் திரும்பினார். 1979-இல் சுகாதார அமைச்சராக இருந்த சார்ல்ஸ் ஹாஹி, உண்மையான குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் வாங்கலாம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, ஐரிஷ் பிரச்சினைக்கு ஐரிஷ் தீர்வு என்று அதை வருணித்தார். 1985-இல் 18 வயது நிரம்பியவர்களுக்கு ஆணுறை வாங்கச் சீட்டுத் தேவையில்லை என்று தளர்த்தப்பட்டது. 1993-இல் எஞ்சிய கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கிய சட்டத்தில் குடியரசுத் தலைவராகக் கையொப்பமிட்டவர் ராபின்சன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு அச்சிடக்கூட மறுக்கப்பட்ட கருத்து அது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தை ராபின்சன் தனியாகக் கொண்டுவந்தார் என்று எழுதுவோர் உண்டு, அது சரியன்று. சட்டத்தை உடைத்தது நீதிமன்றத்துக்குப் போன ஒரு குடும்பத் தலைவி, தெருவில் பேச்சை மாற்றியது ரயிலில் போன பெண்கள், சட்டமாக்கியது அமைச்சர்கள். செனட்டரின் பங்கு, இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கை போட்டு வைத்தது. நாங்கள் இதைப் பற்றி யோசிக்கவே வாய்ப்பு வரவில்லை என்று எந்தக் கட்சியும் சொல்ல முடியாமல் செய்தது. அந்தப் பங்கைக் கூட்டிச் சொல்லவும் தேவையில்லை, குறைத்துச் சொல்லவும் தேவையில்லை.

நீதிமன்றத்துக்கும் அவைக்கும் இடையில் அவர் நடந்துகொண்டே இருந்தார் என்பது அடுத்த முக்கியமான செய்தி. பெண்களையும் சொத்தில்லாதவர்களையும் நடுவர் குழுவிலிருந்து விலக்கி வைத்த 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் அவர் வாதாடினார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிகளைச் செல்லாது என்றது. 1976-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. கணவரிடமிருந்து சட்டப்படி பிரிந்து வாழ விரும்பிய ஒரு பெண்ணுக்கு வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை, அரசு உதவியும் இல்லை. ஏரி வழக்கு என்று அறியப்படும் அதில் ராபின்சன் அந்தப் பெண்ணுக்காக ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். நீதிமன்றக் கதவு தாளில் மட்டும் திறந்திருந்தால் போதாது, நடைமுறையில் திறந்திருக்க வேண்டும் என்ற கருத்தில் 1979 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அதன் அழுத்தத்தில் அரசு சிவில் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டம் முழுமையான சட்டமாக 1995 வரை ஆயிற்று என்பது வேறு விஷயம். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய விக்டோரியா காலச் சட்டங்களை எதிர்த்து டேவிட் நோரிஸ் ஸ்ட்ராஸ்பர்க் சென்றபோதும் அவருக்காக நின்றவர் ராபின்சன், 1988-இல் வென்றார்கள். நோரிஸ் 1987-லேயே டிரினிட்டியின் மற்றோர் இடத்தில் செனட்டராகிவிட்டார் என்பதால், ஒரு காலம் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் ஒரே அவையில் அமர்ந்திருந்தார்கள்.

இதனால் அவருடைய செனட் பேச்சுகளுக்கு ஒரு தனி நிறம் உண்டு. பேச்சாளரின் முழக்கம் அவற்றில் குறைவு. இந்தப் பிரிவின் இந்தச் சொல் நீதிமன்றத்தில் எப்படிப் படிக்கப்படும், இது எந்த அரசமைப்பு உறுப்போடு மோதும், ஐரோப்பிய உடன்படிக்கையின் எந்தக் கூறை மீறும் என்று அடுக்கிக்கொண்டு போவார். சிலருக்கு அது வறட்சியாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் அவருடைய பலமாகத் தெரிகிறது. உணர்ச்சியால் எழும் எதிர்ப்பை உணர்ச்சியால் சந்தித்தால் எண்ணிக்கை அதிகமுள்ளவர் வெல்வார். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் அமைச்சர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

யாரும் அதிகம் படிக்காத வேலையும் இருக்கிறது. 1973-இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும், பிரசல்ஸிலிருந்து வரும் விதிகள் அமைச்சரின் ஆணையாகவே உள்நாட்டுச் சட்டமாகத் தொடங்கின. அவற்றைப் பார்வையிட இரு அவைகளின் கூட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ராபின்சன் அதில் 1989 வரை பணியாற்றினார், சட்ட விவகாரத் துணைக்குழுவுக்குத் தலைமையும் ஏற்றார். செய்தித்தாளில் ஒரு வரிகூட வராத பணி. திருமண முறிவு குறித்த கூட்டுக் குழுவிலும் 1983 முதல் 1985 வரை இருந்தார். மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைகளின் பராமரிப்பு, வாரிசுரிமை ஆகியவற்றைச் சீராக்க 1970-களின் நடுவிலேயே அவர் மசோதா கொண்டுவந்திருந்தார். அந்தக் குழந்தைகளைச் சட்டம் தாழ்த்தி வைத்த நிலை 1987-ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் அயர்லாந்து இதே பொருளில் தோற்றிருந்தது.

1983-ஆம் ஆண்டு விவாதம் வேறு வகையில் முக்கியமானது, ஏனென்றால் அதில் அவர் எதிர்த்தது ஒரு அரசமைப்பு வாசகத்தை. பிறவாத உயிருக்குத் தாயின் உயிருக்குச் சமமான உரிமை உண்டு என்று சொல்லும் எட்டாவது திருத்தம் அது. லேபர் கட்சி ஆட்சியில் பங்கு வகித்தபோதும் ராபின்சன் அதை எதிர்த்து நின்றார். வாசகம் மிகவும் மங்கலாக இருக்கிறது, அதன் பொருளை இறுதியில் நீதிபதிகள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்பது சட்ட நோக்கில் எதிர்த்தவர்கள் சொன்ன குறை; அரசின் தலைமை வழக்கறிஞரே அந்த வாசகத்தின் தெளிவின்மை குறித்து எச்சரித்திருந்தார். செப்டம்பர் 7 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.9 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 1992-இல் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்துக்குக் கொடுத்த விளக்கம், அதை எழுதியவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக இருந்தது. 2018 மே மாதம் 66.4 விழுக்காட்டு வாக்கில் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. 1983-இன் செனட் பதிவைப் படிப்பவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டு படிப்பதால், எதிர்த்தவர்களைத் தீர்க்கதரிசிகளாக்கும் ஆசை வரும். அவர்கள் செய்தது தீர்க்கதரிசனமன்று. ஒரு வாக்கியத்தைச் சட்ட மாணவர் படிக்கும் முறையில் படித்தார்கள், அவ்வளவுதான்.

வடக்கு அயர்லாந்து குறித்து பிரிட்டனும் அயர்லாந்தும் செய்துகொண்டு, 1985 நவம்பர் 15 அன்று ஹில்ஸ்பரோவில் கையெழுத்தான ஆங்கிலோ-ஐரிஷ் உடன்பாடு பற்றிய அவருடைய நிலைப்பாடுதான் ஒரு எதிர்நிலைச் செனட்டரின் சுதந்திரத்தை நன்கு காட்டுகிறது. பிரதமர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு மார்கரெட் தாட்சருடன் செய்த அந்த உடன்பாட்டை ஹாஹியின் ஃபியன்னா ஃபாயில், ஒன்றுபட்ட அயர்லாந்து என்ற கோரிக்கையை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி எதிர்த்தது. ராபின்சன் எதிர்த்த காரணம் அதற்கு நேர்மாறு: பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் வடக்கின் யூனியனிஸ்டுகளைக் கலந்துகொள்ளாமல் அவர்கள் தலைக்கு மேல் செய்த ஏற்பாடு அவர்களுக்கு ஏற்புடையதாக இருக்காது, ஆகவே நிலைக்காது என்றார். லேபர் பிரதிநிதியாக 1983–84-இல் புதிய அயர்லாந்து மன்றத்தில் அமர்ந்து வடக்கின் பிரச்சினையைக் கேட்டறிந்தவர் என்பதால் இது திடீர் முடிவன்று. கட்சியிலிருந்து விலகினார். அவர் சொன்னது முழுதும் சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வடக்கில் அமைதிக்காக 1998-இல் செய்யப்பட்ட பெல்ஃபாஸ்ட் உடன்பாட்டுக்கு 1985 ஒரு படிக்கட்டாக இருந்தது என்று வாதிட நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் 1998-இல் யூனியனிஸ்டுகளையும் மேசையில் அமர்த்தித்தான் பேசினார்கள் என்பதும் உண்மை. அரசையும் எதிர்க்கட்சியையும் ஒரே நேரத்தில் மறுத்து, மூன்றாவது காரணத்தைப் பதிவில் ஏற்றியதுதான் அந்தச் சந்தர்ப்பத்தில் அவர் செய்த பணி.

பிற்காலத்துச் செனட்டர்களோடு ஒப்பிட்டால் நிலைமை ஓரளவு மாறியிருப்பது தெரிகிறது. சுயேச்சைச் செனட்டர் ஃபர்கல் குவின் 2010-இல் கொண்டுவந்த மசோதா, துணை ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் கிடைப்பதை உறுதிப்படுத்தும் கட்டுமான ஒப்பந்தச் சட்டமாக 2013-இல் நிறைவேறியது. குழந்தைகளை அடிப்பவர் நியாயமான தண்டனை என்று சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பு 2015-இல் ஒழிந்தது சுயேச்சைச் செனட்டர் ஜிலியன் வான் டர்ன்ஹவுட் முன்வைத்த திருத்தத்தால். லேபர் எதிர்வரிசையில் இருந்த 2017-இல், இவானா பாசிக் செனட்டில் தொடங்கி வைத்த மசோதா, தனித்து வேலை செய்யும் நடிகர்கள், இசைக்கலைஞர்கள், பத்திரிகையாளர்கள் போன்றோர் கூட்டாக ஊதியம் பேசும் உரிமையைத் தந்தது. ராபின்சனுக்குக் கிடைக்காத இந்த வெற்றிகளில் பொதுவாக ஒன்று இருக்கிறது: அரசு பின்னால் வந்து சேர்ந்துகொள்ளக்கூடிய பொருள்கள் அவை. 1971-இன் மசோதா அப்படிப்பட்டதன்று. எனவே நிறைவேறிய மசோதாக்களை எண்ணி ஒரு செனட்டரை மற்றவரோடு ஒப்பிடுவது தவறான கணக்கு. 2013-இல் செனட்டையே ஒழிக்கலாமா என்று கேட்ட பொதுவாக்கெடுப்பில் 51.7 விழுக்காட்டினர் வேண்டாம் என்றபோது, அவையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டவர்கள் இந்த வகை உறுப்பினர்களையும் சுட்டிக்காட்டினார்கள்.

விவாதப் பதிவுகளை நேரடியாகப் படிக்க விரும்புவோருக்கு ஒரு வழிமுறை. 1922 முதலான அதிகாரபூர்வப் பதிவுகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செனட்டர் பெயரை இட்டுத் தேடலாம். ஆனால் அவருடைய பேச்சிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் அமைச்சர் அளித்த பதிலைப் படியுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார், எதைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செனட்டரின் பேச்சுக்கு வாருங்கள். அதன் பின் வாக்கெடுப்புப் பட்டியலில் எதிர்த்தவர்கள், வராமலே இருந்தவர்கள் ஆகியோரின் பெயர்களைப் பார்த்து, அதே பெயர்கள் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து அதே பொருள் திரும்பி வந்தபோது எப்பக்கம் நின்றன என்று ஒப்பிடுங்கள். 1971 ஜூலை, 1974 தொடக்கம், 1979, 1985 ஆகிய நான்கு காலங்களின் கருத்தடை விவாதங்களையும் இந்த வரிசையில் படித்தால், முன்பு அறிமுகத்தையே மறுத்த தரப்பினர் பின்னாளில் எந்தச் சொற்களில் ஆதரவு தெரிவித்தார்கள், அவற்றில் எவ்வளவு முதலில் எதிர்வரிசையிலிருந்து வந்தவை என்பதை நீங்களே பக்க எண்ணோடு காட்ட முடியும்.